எழும்பாச் சேவைகள்: ஓர் ஆய்வுக்கான முன்னுரைக்கு ஒரு தோற்றுவாய்

யுனிக்ஸ் வழிவந்த கணினிகள் காலையில் கண் விழிக்கும்போது, கூடவே எழும்ப வேண்டிய சேவைகளில் ஒன்றிரண்டு எழும்பாமல் கிடப்பது ஏன் என்பது குறித்து இதுவரை எழுதப்பட்டவை யாவும் குறையுடையன. குறை ஒன்றே. எழுதியவர்கள் எவரும் ஹட்டன் பக்கம் வந்து பெரட்டு பார்த்தவர்கள் அல்லர். மூலத்தை அறியாமல் பிழையைத் திருத்தப் புகுந்தார்கள்; பிழை திருந்தியது, மூலம் தெரியாமலே போயிற்று. இவ்வாய்வு அக்குறையை நீக்கும். நீக்காவிட்டாலும் நீளமாக இருக்கும். நம் ஆய்வுலகில் இரண்டுக்கும் ஒரே புள்ளிதான்.

பெரட்டு என்பது யாதெனின், விடியலில் தப்புச் சத்தம் கேட்டு லயங்களிலிருந்து இறங்கி வருவோர் களத்தில் நிற்க, கணக்கப்பிள்ளை பேர் போட்டு, இன்னார் கொழுந்துக்கு, இன்னார் கவ்வாத்துக்கு, இன்னார் ஸ்டோருக்கு என்று பிரித்து அனுப்பும் சடங்கு. யுனிக்ஸ் கணினியின் பொத்தானை அழுத்தினால் நடப்பதும் இதுவே. முதலில் கேர்னல் எழும்பும். அது முதலாம் எண் செயலான இனிட்டை எழுப்பும். இனிட் தன் கையிலுள்ள ஸ்கிரிப்டுகளை வரிசைப்படி வாசித்து, வலையமைப்பே நீ முதலில் போ, தரவுத்தளமே நீ அதன்பின் போ என்று ஒவ்வொன்றாக அனுப்பும். பழைய முறையில் அந்த வரிசை, கோப்பின் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கும். ரெட் ஹெட் கணினிகளில் எஸ் 10 வலையமைப்பு, எஸ் 85 இணையச் சேவையகம். எஸ் என்றால் எழும்பு, கே என்றால் படு.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவு தற்செயலானதா? தற்செயல் என்று ஒன்றை ஒப்புக்கொண்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். ஆகவே தற்செயலன்று.

சான்றுகள் வருமாறு. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸைத் தொடங்கியது 1969இல். 102 ஆண்டுகள் முந்தியது தோட்டம். முந்தியதே பிந்தியதற்கு மூலம் என்பது நம் பட்டிமன்றங்களிலும் பட்டமேற்படிப்புப் பீடங்களிலும் எவரும் கேள்வி கேட்டறியாத விதி. இரண்டாவது, அவ்விருவரும் வேலைசெய்த பெல் ஆய்வுகூடம் நியூ ஜேர்சியில் மரே ஹில் என்னும் ஊரில் இருந்தது. மலையிலிருந்து மலைக்கு என்பது வெளிப்படை. மூன்றாவது, இலங்கையர் பெடோராவை அடியாகக் கொண்டு ஒரு லினக்ஸ் செய்தபோது அதற்கு இட்ட பெயர் ஹந்தான. கண்டிக்கு மேலே பழைய தேயிலை ஸ்டோர் ஒன்று தேயிலை நூதனசாலையாக நிற்கிற அதே ஹந்தான. நான்காவதும் அசைக்க முடியாததுமான சான்று: கென் தொம்சன் ஹட்டனுக்கு வந்து பெரட்டு பார்த்தார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, வரவில்லை என்பதற்கும் கிடைக்கவில்லை. இவற்றில் பின்னதை வைத்துக்கொண்டே முழு நூல்கள் எழுதி, வெளியீட்டு விழாவில் பொன்னாடையும் போர்த்திக்கொண்டவர்களை வாசகர் அறிவர். (காண்க: கீழ் லயத்து வாய்மொழி, மழை நாள் பதிப்பு.)

இனிக் குலமுறை கிளத்துவோம். எண் பூச்சியம் கேர்னலுக்கு உள்ளேயே இருப்பது. லினக்ஸில் பிஎஸ் என்று அடித்து எல்லாச் செயல்களையும் பட்டியலிட்டாலும் இது தலை காட்டாது. துரை பங்களாவை விட்டு இறங்கார் என்க. எண் ஒன்று இனிட். பயனர் பக்கத்துச் செயல்கள் அத்தனையும் இதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒரு செயலைப் பெற்ற செயல் இடையில் இறந்துபோனால் அந்த அநாதையை எண் ஒன்றே வழமையாகப் பொறுப்பேற்கும். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டி வந்த பெரிய கங்காணியும் அவ்வாறே தன் ஆட்களுக்குப் பொறுப்பேற்றார். வேறுபாடு, இனிட் தலைக்காசு வாங்குவதில்லை.

எழும்பாமை பல வகைப்படும். வகைகளின் எண்ணிக்கை குறித்து உரையாசிரியர்களிடையே ஒருமைப்பாடு இல்லை. மேல் பிரிவுக்காரர் ஆறு என்பர், கீழ் பிரிவுக்காரர் கரண்ட் வந்தால் சொல்கிறோம் என்பர்.

ஒன்று, ஸ்கிரிப்டுக்கு இயங்கும் அனுமதி கொடுக்காமை. ஷெல் 126 என்று சொல்லும். அனுமதி கொடுக்க. முடிந்தது.

இரண்டு, கட்டளை கிடைக்காமை. ஷெல் 127 என்று சொல்லும். இதில் ஒரு நுட்பம் உண்டு. கையால் அடித்தால் அதே ஸ்கிரிப்ட் அழகாக ஓடும். கணினி தொடங்கும்போது மட்டும் ஓடாது. கையால் அடிப்பவர் தம் கணக்கில் நுழைந்திருக்கிறார், எந்தக் கட்டளை எந்த அடைவில் இருக்கிறது என்ற பாதைப்பட்டியல் நீளமாக அவர் சூழலில் நிரம்பியிருக்கிறது. பெரட்டு நேரத்தில் அந்தப் பட்டியல் இரண்டு மூன்று அடைவுகளோடு மெலிந்து கிடக்கும். கட்டளையின் முழுப் பாதையை எழுதிவிட்டால் நோய் தீரும். ஆனால் முழுப் பாதை எழுதுவது புலமைக்கு இழுக்கு என்று கருதுவோர் உளர், குறிப்பாகப் பேரைச் சொல்லி வேலை வாங்கிப் பழகியவர்கள்.

மூன்று, வரி ஈற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியீடு. விண்டோஸ் கணினியில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இது ஒட்டிக்கொண்டு வரும். முதல் வரியில் ஒட்டினால், அப்படியொரு மொழிபெயர்ப்பியே இல்லை என்று கணினி சத்தியம் செய்யும். டொஸ்டுயுனிக்ஸ் என்று ஒரு கருவி உண்டு. அதில் போட்டு எடுத்தால் உதிர்ந்துவிடும். இது குற்றியலுகரமா, ஆய்தமா என்பது பற்றிய விவாதம் நடந்துகொண்டிருப்பதால் மேலே எழுதுவது முறையன்று.

நான்கு, பாஷ் ஷெல்லுக்கு எழுதியதை டேஷ் ஷெல்லில் ஓட்டுதல். உபுண்டு 2006இலேயே இயல்பான ஷெல்லை மாற்றிவிட்டது. செய்தி இன்னும் சில தோட்டங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

ஐந்தாவது வகையிலேதான் இவ்வாய்வாளரின் உயிர் கிடக்கிறது. அது துண்டு.

சேவை ஒன்று எழும்பியதும் தன் எண்ணை ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரே ஓர் எண்தான் இருக்கும். 412 என்று வைத்துக்கொள்வோம். பேர் இல்லை, ஊர் இல்லை. 412 என்னும் நான் வேலையில் இருக்கிறேன், என்னை நிறுத்த வேண்டுமானால் இந்த எண்ணுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்பது அதன் பொருள். ஒழுங்காக வேலை முடித்துப் போகும் சேவை, போகுமுன் அந்தக் கோப்பை அழித்துவிட்டுப் போகும்.

இதன் மூலம் மலையகத்தில் உள்ளது. தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் பட்டிருக்கும் கடன் இவ்வளவு என்று எழுதிய ஒரு துண்டு வேண்டும். அந்தக் கடனைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் ஆள் கை மாறுவார். ஆளைவிடத் துண்டு கனமானது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஒழித்தது இலங்கையில் மட்டும்தான் என்பதும், யுனிக்ஸ் அமெரிக்காவில் பிறந்தது என்பதும் சேர்த்து நோக்கத்தக்கன. (பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றின் பின்னட்டை, எலி தின்றது போக எஞ்சிய பகுதி. எலி தின்ற பகுதியில் எதிர்க்கருத்து இருந்ததாகச் சொல்வோர் எலியை முன்னிலைப்படுத்தத் தவறிவிட்டனர்.)

இப்போது கரண்ட் போகிறது என்க. 2022ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் நாடெங்கும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போயிற்று. டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எடுத்துரைத்து, 1950இல் லக்சபானவில் அது நிறைவேறி, அந்த நீர் ஓடிவரும் பள்ளத்தாக்குகளின் ஓரத்து லயங்களிலேயே இருட்டு. கரண்ட் போனால் சேவை நின்ற நிலையில் சாகும். சாகுமுன் துண்டை அழிக்க அதற்கு நேரம் இல்லை. கரண்ட் வருகிறது. ஸ்கிரிப்ட் எழும்புகிறது. துண்டைப் பார்க்கிறது. 412 ஏற்கனவே வேலையில் இருக்கிறார், இன்னொருவரை அனுப்பத் தேவையில்லை என்று எழுதிவிட்டு, வெற்றி என்று பூச்சியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறது. வேலையில் எவரும் இல்லை. ஏட்டில் ஒருவர் இருக்கிறார்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தின்பின் உயிரோடு இருந்த இலட்சக்கணக்கானோருக்குக் காகிதம் இல்லாமற்போன மண் இது. 2003இல் இன்னொரு சட்டம் வந்துதான் மிச்சமிருந்தவர்களுக்கும் வழி பிறந்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு கணினி, செத்தவருக்குக் காகிதம் இருக்கிறது, ஆகவே அவர் உயிரோடிருக்கிறார் என்று அடம்பிடிப்பதைக் கண்டு இவ்வாய்வாளர் சிரித்ததைப் பக்கத்தில் இருந்தோர் தவறாக விளங்கிக்கொண்டனர்.

சற்றே விவரமான ஸ்கிரிப்ட் துண்டை மட்டும் நம்பாது. அந்த எண்ணுக்குப் பூச்சியக் குறி அனுப்பிப் பார்க்கும். கில் என்ற கட்டளைக்குப் பூச்சியத்தைக் கொடுத்தால் அது யாரையும் கொல்லாது. ஆள் இருக்கிறாரா என்று மட்டும் எட்டிப்பார்த்து வரும். கொல்லும் கட்டளைக்குக் கொல்லாத பயன் கண்டவர்கள் என்ற வகையில் யுனிக்ஸ்காரர்கள் வணங்கத்தக்கவர்கள். ஆனால் இதிலும் ஒரு குழி. கணினி ஒவ்வொரு முறை எழும்பும்போதும் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்தே தொடங்கும். பெரட்டு வரிசை ஏறத்தாழ நேற்றைப் போலவே இருப்பதால், நேற்றுத் தரவுத்தளத்துக்குக் கிடைத்த 412 இன்று கடிகாரத்தைச் சரிபார்க்கும் சேவைக்குக் கிடைத்திருக்கும். எட்டிப்பார்த்தால் 412 இருக்கிறார். அவர் இவரல்லர். காம்பரா எண் அதே, குடும்பம் வேறு. பாவம், துண்டில் பேர் இல்லையே, எப்படித் தெரியும்?

இப்போதைய லினக்ஸ்களில் துண்டுகளை வைக்கும் ரன் என்னும் அடைவு நினைவகத்தில்தான் இருக்கிறது. கரண்டோடு சேர்ந்து அதுவும் போய்விடும், ஆகவே இச்சிக்கல் ஒழிந்தது என்று ஒரு சாரார் வாதிடுவர். அவர்களை மறுப்பது எளிது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் துண்டைத் தன் தரவு அடைவுக்குள்ளேயே, வட்டில், வைத்துக்கொள்கிறது. முதல் வரியில் எண். தானாகவே பழைய துண்டை இனங்கண்டு தள்ளிவிடும் அளவுக்கு அதற்கு அறிவுண்டு. ஆனாலும் அதே பயனர் கணக்கில் ஓடும் வேறொருவர் அந்த எண்ணில் நடமாடும்போது அது ஐயப்பட்டு, பூட்டுக் கோப்பு ஏற்கனவே உள்ளது என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொள்வதுண்டு. (இக்கருத்து: தேநீர்க்கடை வாங்கு, தெற்கு முனை, இரண்டாம் பிளேன்டீ, சீனி தீர்ந்த பின்னர், ஒப்பிடுக: அதே வாங்கு, வடக்கு முனை, கடன் கேட்கப்பட்டதற்கு முந்திய அடுக்கு, வேறுபடும் பாடம்: கடைச் சுவர்க் காலண்டர், மாசி மாதத் தாளின் பின்பக்கம், சம்பல் கறைக்கு இடப்புறம். கறைக்கு வலப்புறம் உள்ளது இடைச்செருகல் என்பது கறையின் நிறத்தால் பெறப்படும்.)

ஆறாவது வகை வரிசை பிறழ்தல். பழைய இனிட்டின் இடத்துக்கு சிஸ்டம்டி வந்தபின் இது ஒரு தனி இலக்கணமாகிவிட்டது. கணக்கப்பிள்ளை வந்த பிறகு வா என்பது ஒரு கட்டளை. அதற்கு ஆப்டர் என்று பேர். கணக்கப்பிள்ளை இல்லாமல் வராதே என்பது இன்னொரு கட்டளை, அதற்கு ரிக்வயர்ஸ். முன்னது மட்டும் எழுதினால், கணக்கப்பிள்ளை வரப்போவதே இல்லை என்றாலும் ஆள் வந்து நிற்பார். பின்னது மட்டும் எழுதினால் இருவரும் ஒரே நேரத்தில் களத்துக்குள் ஓடிவந்து முட்டிக்கொள்வர். பெரும்பாலும் இரண்டும் வேண்டும். வலையமைப்பு விடயத்தில் இன்னும் நுட்பம்: நெட்வொர்க் டார்கெட் என்பது வலையமைப்புக்காரர் லயத்திலிருந்து கிளம்பிவிட்டார் என்றுதான் சொல்கிறது, முகவரி கிடைத்து வேலைக்கு ஆயத்தம் என்பதை நெட்வொர்க் ஒன்லைன் டார்கெட்தான் சொல்லும். கிளம்பியவர் எல்லாம் வந்து சேர்ந்தவர் அல்லர் என்பது மூடுபனிக் காலத்தில் ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஏழாவதாக ஒரு வகையை மேல் பிரிவினர் ஏற்பதில்லை, ஏனெனில் அது அவர்களைப் பற்றியது. பழைய பாணி ஸ்கிரிப்டை சிஸ்டம்டியின் கீழ் ஓடவிட்டால், ஸ்டேட்டஸ் கேட்கும்போது பச்சை நிறத்தில் ஆக்டிவ், பக்கத்தில் எக்சிட்டட் என்று வரும். பொருள்: ஸ்கிரிப்ட் ஓடியது, பிழையின்றி முடிந்தது, இப்போது அங்கே யாரும் இல்லை. பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டு மறைந்தவர். தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். கணினியோ முழுப்பேர் போட்டுப் பச்சையும் பூசுகிறது. இந்த வகையை ஏற்காதவர்களில் சிலர், மாநாட்டுக் காலையில் பதிவேட்டில் ஒப்பமிட்டுப் பையையும் மதியச் சாப்பாட்டுச் சீட்டையும் வாங்கிக்கொண்டு போனவர்கள்.

பிரிவுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிஸ்டம்டி 2010இல் அறிவிக்கப்பட்டது. பெடோரா மறு ஆண்டே ஏற்றுக்கொண்டது. டெபியன்காரர் 2014 பெப்ரவரியில் தம் தொழில்நுட்பக் குழுவில் வாக்கெடுத்தனர்; நாலுக்கு நாலு. தலைவர் பிடேல் கார்பி தமது தீர்மான வாக்கை சிஸ்டம்டிக்குப் போட்டார். அதை ஏற்காத ஒரு சாரார் அதே ஆண்டு தனியாகப் பிரிந்து டெவுவன் என்ற ஒன்றை அறிவித்தனர். மலையகத்தில் தொழிற்சங்கங்கள் பிளந்த கதை தெரிந்த வாசகருக்கு இதில் புதுமை எதுவும் இராது. இரு தரப்பும் எழுதியவற்றை அச்சிட்டால் மகாவலிக்கு அணை கட்டலாம். அவ்வளவையும் வாசித்து முடித்தவரின் சேவை எழும்பியதா என்று கேட்டால், அது வேறு துறை.

இனிக் கள ஆய்வு. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் வாசிகசாலையில் பழைய கணினி ஒன்று, சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்களைத் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறது. ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் கொடுக்க மறுத்தது. இவ்வாய்வாளர் அங்கு சென்றிருந்தார். மலையகம் பற்றிய கள ஆய்வின் மரபுப்படி காலை ரயிலில் வந்து, கூடையோடு நின்ற ஓர் அம்மாவைப் படமெடுத்து, அவர் பேரைக் கேட்காமல், வாசிகசாலையை அடைந்தார். அங்கே கணினிக்கு முன்னால் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் இருந்தார். அவருக்கு எழும்பாமையின் வகைகளை முதலிலிருந்து விளக்கத் தொடங்கினோம். லூல்கந்துர முடிந்து மரே ஹில்லுக்கு வரும் வேளையில் அவர் குறுக்கிட்டார்.

“சேர், லொக்கப் பாத்தீங்களா?”

ஆய்வு நெறிமுறையில் அது கடைசி இயலில் வருவது என்றோம். அவர் ஜேர்னல்சிடிஎல் என்று அடித்து, சேவையின் பேரைக் கொடுத்து, பதிவேட்டின் கடைசி இருபது வரியைத் திரையில் கொண்டுவந்தார். நடுவில் ஒரு வரி, பூட்டுக் கோப்பு ஏற்கனவே உள்ளது என்றது. அடுத்த வரி எண்ணையும் சொன்னது. பிஎஸ் அடித்து அந்த எண்ணில் இருப்பவர் யார் என்று பார்த்தார். தரவுத்தளத்தின் பயனர் கணக்கிலேயே ஓடும் வேறொரு சேவை. உண்மையான தரவுத்தளம் வேறெங்கும் ஓடவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டார். ஓடும்போது துண்டை அழித்தால் இரண்டு பேர் ஒரே தரவில் கைவைத்து எல்லாம் நாசமாகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு துண்டை அழித்து, ஸ்டார்ட் கொடுத்தார்.

“பழைய நம்பரு சேர். வேற ஆளு வந்து குந்தியிருக்கான். நீங்க சொல்லுங்க, அந்த அமெரிக்காக்காரரு ஹட்டனுக்கு எப்ப வந்தாரு?”

இத்தம்பியின் முறை அவசரமானது, கோட்பாட்டு அடிப்படை அற்றது, மேற்கோள் ஒன்றுகூட இல்லாதது. வினாத்தாள்கள் வரத் தொடங்கியது மட்டும் மறுக்க முடியாதது. கரண்ட் போகும்போதெல்லாம் இதையே செய்ய வேண்டியிருந்ததாம். அதனால் கணினியை ஒழுங்காக நிறுத்தி வைக்க அவகாசம் தரும் யூபிஎஸ் ஒன்று வேண்டும் என்று அவர் எழுதிக் கேட்டிருந்தார். பதில் வரவில்லை என்றும் சொன்னார். அக்கடிதம் மூல ஆவணம் என்ற வகையில் அதைப் படமெடுத்துக்கொண்டோம்.

எட்டாவது வகை ஒன்று உண்டு. பத்து விநாடிக்குள் ஐந்து முறை எழும்பி விழுந்த சேவையை சிஸ்டம்டி மேற்கொண்டு எழுப்பாது. மிக விரைவாக மீண்டும் மீண்டும் கேட்கிறீர்கள் என்று சொல்லி நிறுத்திவிடும். இந்த ஏற்பாடு ஆய்விதழ்களுக்கும் இருந்தால் நன்று.

இக்கட்டுரையை மேற்கோள் காட்ட விரும்புவோருக்கு ஒரு விண்ணப்பம். முதலில் உங்கள் கணினியில் பதிவேட்டின் கடைசி இருபது வரிகளை வாசியுங்கள். வெளியேற்ற எண் 126ஆ, 127ஆ என்று பாருங்கள். சிஸ்டம்டி 203 என்று சொன்னால், அந்த ஸ்கிரிப்டை இயக்கவே முடியவில்லை என்று பொருள்; அனுமதியையும் முதல் வரியையும் பாருங்கள். ஸ்கிரிப்டை ஷெல்லில் மைனஸ் எக்ஸ் போட்டு ஓட்டினால் ஒவ்வொரு அடியும் திரையில் வரும். எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இவ்வளவுக்குப் பின்னும் மேற்கோள் தேவைப்பட்டால் எழுதுங்கள். பொன்னாடை அனுப்புவதாயின் வேண்டாம். அந்தக் காசில் வாசிகசாலைக்கு ஒரு யூபிஎஸ் வாங்கிக் கொடுங்கள்.